கருவிதான் தப்பு

பெரிய டாக்டர் ஆஸ்பத்திரிக் கொல்லையில் மல்லாந்து விழுந்தபோது அவர் கையில் ரோஸ் நிறக் கைப்பிடி மட்டும் இருந்தது. மண்ணைத் தோண்ட வேண்டிய கரண்டிப் பாகம் மண்ணிலேயே நின்றுவிட்டது.

விழுந்தவர் உடனே எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கைப்பிடியை வெளிச்சத்தில் தூக்கி, பிடுங்கிய பல்லைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர், அடி பட்டுடுச்சா?" என்று சிஸ்டர் ஓடி வந்தார். அந்தப் பல் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக உதவிக்கு இருப்பவர்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. இதைப் பாருங்க. கழுத்துல ஒரே ஒரு பொட்டு பத்தவெச்சு விட்டிருக்கான். இதால சர்க்கரை கூட அள்ள முடியாது."

"சின்ன டாக்டர் ஜன்னல் வழியா பார்த்துட்டாங்க."

"நல்லா பார்க்கட்டும்" என்று பெரிய டாக்டர் உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "கை தப்பில்ல. கருவிதான் தப்பு!"

சின்ன டாக்டர் என்பது அவருடைய மகள். அவளும் பல் டாக்டர்தான். எழுபத்திரண்டு வயது அப்பா இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடைவாய்ப் பல்லோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அன்றைக்கே, "மணிக்கட்டுல முன்ன மாதிரி பலம் இல்லப்பா" என்று சொல்லி, பல் பிடுங்கும் குறடுகள் இருக்கும் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு பெரிய டாக்டருக்கு மிச்சமிருந்த வேலை இரண்டே இரண்டு. மாத்திரை எழுதுவது ஒன்று. சாக்லேட் தின்னும் பிள்ளைகளை மிரட்டுவது இன்னொன்று. நாற்பத்தைந்து வருடம் ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கிப் போட்ட கைக்கு இது பெரிய அவமானம். அவர் அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

வம்பு முற்றியது போன சனிக்கிழமை. முனிசிபல் பூங்காவின் தோட்டக்காரர் கன்னம் வீங்கி வந்திருந்தார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததுமே நிபந்தனை போட்டார்.

"பல்லைப் பெரிய டாக்டர் எடுத்தாத்தான் எடுத்துக்குவேன். என் சம்சாரத்துக்கு இவர்தான் எடுத்தாரு. எடுத்ததே தெரியலன்னு இன்னைக்கும் சொல்லுவா."

"அப்பா இப்ப பல் எடுக்கிறதில்ல" என்றாள் மகள்.

"யாரு சொன்னது?" என்றார் அப்பா.

வீக்கம் வடிந்தால்தான் பல்லில் கை வைக்க முடியும். ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதினார்கள். எழுதி முடிக்கும்வரை தோட்டக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி, எதிரே இருந்த ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பின்சுவரை ஒட்டி இரண்டு மாதுளைச் செடிகள் இருந்தன. போன மாதம் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஏணி வைக்க இடமில்லை என்று இரண்டையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுப் போயிருந்தார். இப்போது இலை இல்லை, கிளை இல்லை. அக்கா தங்கை மாதிரி இரண்டு மொட்டைக் கட்டைகள்.

"இடது பக்கம் இருக்கிறது செத்துப்போச்சு டாக்டர்" என்றார் தோட்டக்காரர், வீங்கிய வாயோடு. "பிடுங்கிடுங்க. வலது பக்கத்தது பார்க்கத்தான் மொட்டை, உயிரோட இருக்கு. தண்ணி ஊத்துங்க, துளிர்க்கும். பட்டையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்."

பெரிய டாக்டர் அதையும் விடவில்லை. தோட்டக்காரரின் பல் சீட்டிலேயே அடியில் எழுதிக்கொண்டார். இடது: எடுக்க வேண்டும். வலது: காப்பாற்ற வேண்டும்.

அந்தச் சீட்டைப் பார்த்ததும்தான் மகளுக்கு யோசனை வந்தது.

"சரிப்பா. ஒரு பந்தயம். அந்தச் செத்த கட்டையை நீங்க உங்க கையால பிடுங்கிக் காட்டுங்க. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை இவர் பல் எடுக்க வரும்போது கட்டை வெளியில கிடந்தா, இவர் பல்லும் உங்களுக்கு, சனிக்கிழமை நாற்காலியும் உங்களுக்கு."

"இல்லாட்டி?"

"கொல்லை முழுக்க சிமெண்ட் போட்டுப் பேஷண்டுங்க வண்டி நிறுத்த விட்டுடுவேன். பல் எடுக்கிற பேச்சை நீங்க அப்புறம் எடுக்கவே கூடாது."

"சாவியைத் துடைச்சு வை" என்றார் பெரிய டாக்டர்.

மகள் கெட்டவள் இல்லை. அப்பா வெறும் கையோடு போராடக் கூடாதே என்று திங்கட்கிழமை காலையிலேயே ஒரு தோட்டக் கருவிப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். ரோஸ் நிறக் கைப்பிடிகள். பெட்டியின் மேல், 'முதியோருக்கு ஏற்ற லேசான கருவிகள்' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு கிழத் தம்பதி பூச்செடியைப் பார்த்துச் சிரிக்கும் படம். அந்தத் தம்பதியைப் பெரிய டாக்டர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பல்லாக இருந்தாலும் மூன்று பேர் சரிபார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிய டாக்டர்களின் கதைகளைச் சொல்லிச் சொல்லியே பெரிய டாக்டர் மகளை வளர்த்திருந்தார். அதே சட்டம் கொல்லைக்கும். அவர் சீட்டோடு போய் இரண்டு கட்டைகளுக்கும் எதிரே நின்று, எடுக்க வேண்டியதில் வெள்ளை நூல் கட்டினார்.

"சிஸ்டர், சரியா?"

"இடது. சரிதான் டாக்டர்."

"சின்ன டாக்டர்?"

ஜன்னலிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "இடது. சரிப்பா."

முதியோர் கரண்டி மண்ணில் இறங்கிய பதினோராவது குத்தில்தான் அவர் மல்லாந்து விழுந்தார்.

பத்து நிமிடத்தில் அவரும் சிஸ்டரும் ஆட்டோவில் இரும்புக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகும் வழியிலும் ஒரு தகராறு.

"இடது பக்கம் திருப்புங்கன்னா ஏன் அந்தப் பக்கம் போறீங்க?" என்று அவர் கத்தினார்.

"இதுதான் சார் இடது."

"நாற்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியாத இடதா?"

"டாக்டர் சொல்றதைக் கேளுங்க" என்றார் சிஸ்டர்.

ஆட்டோக்காரர் விதியே என்று வண்டியைத் திருப்பினார். பெரிய டாக்டருக்கு ஆட்டோக்காரர்களோடு இந்தச் சண்டை வாடிக்கைதான். அவர்களுக்குப் பொறுமை போதாது என்பது அவர் கட்சி.

இரும்புக்கடைக்காரர் முதலில் எடுத்து வைத்ததும் ஒரு பெட்டிதான். பதினாலு கருவி, பதினாலு நிறம்.

"இதைப் பொம்மைக்கடைக்கு அனுப்புங்க" என்றார் பெரிய டாக்டர். "எனக்கு மண் அள்ளுற கரண்டி ஒண்ணு. தகடும் கழுத்தும் ஒரே இரும்புல அடிச்சதா இருக்கணும். அதோட வால் மரப்பிடிக்குள்ள கடைசி வரைக்கும் போயிருக்கணும். ஒட்டு, பொட்டு எதுவும் ஆகாது."

"சார் இன்ஜினியரா?"

"பல் டாக்டர்."

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பேச வேண்டியிருந்தபோதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினார்.

பெரிய டாக்டர் ஒவ்வொரு கரண்டியாக எடுத்து, கண்ணை மூடி, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார். "கனம் கூடினா கை நோகும், குறைஞ்சா கருவி நோகும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எட்டாவது கரண்டி அவர் உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்தது. அதே ஜாதியில் மூன்று பல் வைத்த கைமுள் ஒன்றும் எடுத்துக்கொண்டார். கெட்டி மண்ணைக் கிளறித் தளர்த்த அது வேண்டும். கிளம்பும்போது கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"மேல் வரிசையில பின்னால சொத்தை இருக்கு. வந்து காட்டுங்க."

"நான் வாயையே காட்டலையே சார்!"

"வெத்தலையை ஒரு பக்கமாவே மென்னுட்டிருந்தீங்களே."

செவ்வாய்க்கிழமை வேலை மளமளவென்று நடந்தது. கைமுள் மண்ணைப் பொலபொலவென்று உதிர்த்தது, கரண்டி அள்ளி வெளியே போட்டது. அரை அடி ஆழத்துக்குப் பள்ளம். கைமுள்ளின் நடுப்பல் மண்ணுக்குள் எதிலோ குத்தி மாட்டியது.

"வேர் கிடைச்சிடுச்சு!" என்று அவர் மணிக்கட்டைத் திருப்பி ஒரு இழு இழுத்தார்.

அது வேர் இல்லை. உள்ளே நாற்காலிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய். பீச்சி அடித்த தண்ணீர் சிஸ்டரின் வெள்ளை உடுப்பைச் சேற்று நிறமாக்கியது.

உள்ளே ஒரு தலைமையாசிரியர் வாய் நிறைய, பல் அளவெடுக்கும் அச்சுப் பசையோடு உட்கார்ந்திருந்தார். பசையை எடுத்துவிட்டுக் கொப்பளிக்கச் சொல்லிச் சின்ன டாக்டர் குழாயைத் திறந்தாள். காற்று வந்தது. தலைமையாசிரியர் ரோஸ் நிற உதடுகளோடு அவளை முறைத்தார். அப்படி ஒரு முறைப்பை அவள் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பார்த்ததில்லை.

"அப்பா!"

"ரெண்டே நிமிஷம்!"

பெரிய டாக்டர் ஓடிவந்து அதே அச்சுப் பசையை ஒரு கிண்ணம் குழைத்துக்கொண்டு போய்க் குழாயின் ஓட்டையில் அப்பினார். இரண்டு நிமிடத்தில் கல்லாக இறுகிவிட்டது. அருமையான அடைப்பு. அதனால்தான் தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொண்டது. காத்திருக்கும் அறையில், பெஞ்சுக்குக் கீழே இருந்த பழைய குழாய் மூட்டு விட்டுப்போய், பேஷண்டுகள் வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

குழாய்க்காரர் வந்து சரிசெய்யச் சாயங்காலம் ஆனது. "கருவி சரியா இருந்ததாலதான் குழாய் வரைக்கும் போச்சு" என்று பெரிய டாக்டர் வாதாடினார். மகள் சிமெண்ட் கடையின் நம்பரை எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

இதற்கு நடுவில் காப்பாற்ற வேண்டிய கட்டையையும் அவர் மறக்கவில்லை. நுனியில் நிறைய பொடி ஓட்டைகள் உள்ள பூவாளியாகப் பார்த்து வாங்கியிருந்தார். தண்ணீர் மண்ணை அரிக்காமல் தூறலாக விழ வேண்டும் அல்லவா? காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. புதன்கிழமை சிஸ்டர் ஈரத் துடைப்பத்தை அந்தக் கட்டைமேல் சாய்த்துவைத்துவிட்டார். கட்டை லேசாகச் சாய்ந்தது.

"அதைத் தொடாதீங்க!" என்று பெரிய டாக்டர் பதறிப்போய் வந்தார். "அது உயிரோட இருக்கிறது!"

"ஆடுது டாக்டர்."

"ஆடுற பல்லை என்ன செய்வோம்?"

"பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கம்பி கட்டுவோம்."

பக்கத்தில் பல் இல்லாததால் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, அதோடு கட்டையைச் சேர்த்துப் பல்லுக்குக் கட்டும் மெல்லிய கம்பியால் எட்டுப்போல் சுற்றிக் கட்டினார். கட்டு வெகு நேர்த்தி. பரீட்சைக்கு வந்த மாணவனாக இருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். "ரெண்டு வாரத்துல பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, எடுக்க வேண்டிய கட்டையிடம் வந்தார்.

அது ஒரு மயிரிழை கூட அசையவில்லை.

மறுபடி இரும்புக்கடை. கடைக்காரர் அவரைத் தெருவிலேயே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இந்த முறை பக்கவேர்களை வெட்டக் கவாத்துக் கத்தரி.

"ரெண்டு ஜாதி இருக்கு சார்" என்று கடைக்காரர் கைக்குப் பின்னாலிருந்து சொன்னார். "இதுல கத்தி ஒரு தகட்டுமேல போய் உட்காரும். இதுல ரெண்டு அலகும் ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டுப் போகும்."

"மொதல்ல சொன்னது நசுக்கும். எனக்கு நறுக்குறதுதான் வேணும். ஸ்பிரிங்கு கழன்று விழாததா குடுங்க. கூடவே ஒரு ரம்பம். வளைஞ்சதா, ஒடுக்கமா, இழுக்கும்போது அறுக்கிறதா."

ரம்பத்தைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. இத்தனை ஒழுங்கான பல்வரிசையை அவர் எந்த வாயிலும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பக்கவேர்கள் நாலைந்து விழுந்தன. வெட்டிய இடம் ஈரமாகப் பளபளத்தது.

"செத்த வேர்ல இவ்வளவு ஈரமா டாக்டர்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"குழாய் உடைஞ்ச தண்ணி எங்க போகும்? எல்லாத்தையும் இதுதான் குடிச்சிருக்கு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை கடப்பாரை வந்தது.

வெள்ளிக்கிழமை காத்திருக்கும் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். முதல்முறையாகப் பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு தபால் ஊழியர், அவரைத் தைரியப்படுத்த வந்த மனைவி, கன்னத்தைப் பிடித்தபடி ஒரு தையல்காரர், கட்டுப்பல் அளவுக்கு வந்த ஒரு பெரியம்மா, அவருடைய மருமகள். கொல்லைப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. வெளியே நடப்பது தெரியவில்லை. பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சிஸ்டர், நல்லா அழுத்திப் பிடிங்க. அசைய விடாதீங்க."

"பிடிச்சிருக்கேன் டாக்டர்."

"இன்னும் அகலமா திறக்கணும். பத்தல. அந்த ஓரத்தை வெட்டுங்க."

தபால் ஊழியர் மனைவியைப் பார்த்தார்.

"ரம்பம் குடுங்க!"

கரகரவென்று அறுக்கும் சத்தம் வந்தது. பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"அடேயப்பா, வேர் மூணா பிரிஞ்சு போகுதே! இதுக்கெல்லாம் மசிய மாட்டான். கடப்பாரையைக் கொண்டாங்க! நான் நெம்புறேன், நீங்க கால் வெச்சு மிதிங்க!"

"பாவமா இருக்கு டாக்டர்."

"பாவம் பார்த்தா தொழில் செய்ய முடியுமா?"

படாரென்று ஏதோ உடைந்தது. கடப்பாரைக்கு முட்டுக் கொடுத்திருந்த பின்வாசல் படிக்கல் அது. ஆனால் காத்திருக்கும் அறைக்கு அது எப்படித் தெரியும்? தையல்காரர் எழுந்து, தனக்கு வலி சுத்தமாக நின்றுவிட்டதாக யாருக்கென்று இல்லாமல் அறிவித்தார். அடுத்த பேஷண்டைக் கூப்பிடச் சின்ன டாக்டர் கதவைத் திறந்தபோது, அங்கே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மா பழைய கட்டுப்பல்லை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மகள் கொல்லைக்கு வந்தாள். இரண்டு துண்டான படியைப் பார்த்தாள். மூன்றடிப் பள்ளத்தைப் பார்த்தாள். பள்ளத்தின் நடுவே, ஒரு கீறலும் படாத மகாராஜாபோல் நின்ற கட்டையைப் பார்த்தாள்.

"போதும்ப்பா. அஞ்சு பேர் ஓடிப்போயிட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் சிமெண்ட் வருது."

"சாயங்காலம்தானே? காலை என்னோடது."

"ஏம்ப்பா இவ்வளவு பிடிவாதம்?"

"பிடிவாதம் இல்லாதவன் பல் டாக்டர் ஆக முடியாது" என்றார் அவர். "கை தப்பில்ல."

சொல்லிவிட்டாரே தவிர, குழாயடியில் கையைக் கழுவும்போது அவருக்குப் பயமாக இருந்தது. நல்ல கருவிகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கியாகிவிட்டது. ஒன்றும் உடையவில்லை, வளையவில்லை, வழுக்கவில்லை. இனிமேல் எந்தக் கருவியைக் குறை சொல்வது? மீதி இருப்பது கை ஒன்றுதான். ஈரக் கையை விரித்து வெகுநேரம் பார்த்தார். நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கூட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அந்த நாற்காலி இல்லாமல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே தான் யார் என்று நினைத்தபோது அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சனிக்கிழமை காலையில் பச்சைத் துணி விரித்த தட்டில் எல்லாக் கருவிகளும் வரிசையாக வந்தன. கரண்டி, கைமுள், கத்தரி, ரம்பம். கடப்பாரைக்குத் தட்டில் இடமில்லாததால் அது சுவரில் சாய்ந்து நின்றது. பெரிய டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

ஜன்னலில் நின்றிருந்த மகளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

"தள்ளுங்கப்பா. ஒரே ஒரு திருப்புதான். பிடிக்கிற கோணம் தெரியணும்."

"கை ஜாக்கிரதை."

அவள் தன் கோணத்தில் பிடித்தாள். பிறகு வேறு கோணத்தில் பிடித்தாள். கடப்பாரையைப் போட்டு நெம்பினாள். காலால் உதைத்தாள். முப்பத்தெட்டு வயது மணிக்கட்டு, தினமும் காலையில் உடற்பயிற்சி வேறு. இருபது நிமிடம் கழித்து, பற்களைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஒரு இழு இழுத்தாள். பிடி நழுவியது. அப்பா விழுந்த அதே இடத்தில், அதே மாதிரி, மல்லாந்து விழுந்தாள்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"கை தப்பில்லம்மா" என்றார்.

"கருவியும் தப்பில்லப்பா" என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி. "எல்லாம் நல்லாத்தான் பார்த்து வாங்கியிருக்கீங்க." கொஞ்ச நேரம் கட்டையையே முறைத்தாள். "அன்னைக்கு அந்தப் பல்லும் இப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

கோட்டுப் பைக்குள் கை விட்டு அலமாரிச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பெரிய டாக்டர் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஆனா இவனை விடக் கூடாதுப்பா" என்றாள் மகள், கட்டையைக் காட்டி. "சேர்ந்து பிடிப்போம். சிஸ்டர், நீங்களும் வாங்க."

மூன்று பேரும் பள்ளத்தில் இறங்கினார்கள். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தார்கள். கட்டை கிர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றது.

"கையும் தப்பில்ல, கருவியும் தப்பில்ல. பின்ன எதுதான் தப்பு?" என்று பெரிய டாக்டர் கத்தினார்.

முன்பக்கம் யாரும் இல்லாததால் ஆளைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்திருந்த தோட்டக்காரர், உடைந்த படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கம் நன்றாக வடிந்திருந்தது.

"வாங்க, வாங்க!" என்றார் பெரிய டாக்டர், சாவியை உயர்த்திக் காட்டி. "உங்க பல்லை நான்தான் எடுக்கப்போறேன். இந்தச் செத்த கட்டை ஒண்ணு மட்டும் வந்துடட்டும்."

தோட்டக்காரர் பள்ளத்தில் குனிந்தார். வெள்ளை நூல் கட்டிய கட்டையின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சைப் பசேலென்று இருந்தது. நிமிர்ந்து, கம்பி கட்டி, பூவாளியால் வாரம் முழுக்க நனைத்திருந்த அந்தப் பக்கத்துக் கட்டையிடம் போனார்.

"தொடாதீங்க! அது உயிரோட இருக்கிறது!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

அவர் கம்பியைப் பிரித்தார். ஒரு கையால் கட்டையைப் பிடித்துத் தூக்கினார். காய்ந்துபோன ஒரே ஒரு வேரோடு, வெண்ணெயில் செருகிய குச்சிபோல் அது அவர் கையோடு வந்துவிட்டது.

மகள் சீட்டைப் பிரித்து நீட்டினாள். "இடதுன்னுதானே எழுதியிருக்கு! மூணு பேர் சரிபார்த்தோமே!"

தோட்டக்காரர் தன் இடது கையை ஒரு முறை பார்த்தார், பெரிய டாக்டரைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். மெதுவாகக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"நான் சொன்னது பார்க்கிறவனோட இடது டாக்டர், கட்டை என்ன, பேஷண்ட் மாதிரி உங்க எதிர்ல வாயைத் திறந்துக்கிட்டா உட்கார்ந்திருக்கு?"